சபரகமுவைத் தோட்டங்களிற் கணவன் கடனும் மனைவி கூலியும்

கடன் கொண்டவன் எவனோ அவனே அதனை இறுத்தற்குரியன் என்பது நீதியின் முதற்படி. ஆயினும் இல்லறம் ஒரே கூரையும் ஒரே உலையுமாக அமைதலின், கணவன் கொண்ட கடன் மனைவியையும் தொடருமோ என்னும் ஐயம் எந்நாட்டிலும் எழுந்துள்ளது. இவ்வையத்திற்குச் சட்ட நூல்கள் கூறிய விடை ஒன்று. வாழ்க்கையில் நிகழ்ந்தது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவினை அறிதற்கு இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்ட வரலாறு பெரிதும் உதவும்.

முதற்கண் நூல்களின் விடை நோக்கத்தக்கது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த மக்களின் பழைய நெறி இந்து தருமம். கணவன் பட்ட கடனை மனைவி தீர்க்க வேண்டியதில்லை என்பதே யாஞ்ஞவல்கிய ஸ்மிருதியின் பொதுவிதி. அவள் தருவதாக ஒப்புக்கொண்ட கடன், கணவனோடு சேர்ந்து வாங்கிய கடன், தானே பட்ட கடன் என்னும் மூன்றுமே அதற்கு விலக்காகும். பெண்டிரின் உழைப்பை நம்பி வாழும் இடையர், வண்ணார், வேடர் முதலிய குடிகளில் மனைவி பட்ட கடனைக் கணவன் தீர்த்தல் வேண்டும் என்றும் அந்நூல் கூறும். பெண்ணின் உழைப்பால் வாழும் குடும்பத்தில் அவள் கடன் கணவனைச் சாரும் என்னும் இவ்விதி, பெண்கள் நாள்தோறும் கூலிக்கு உழைத்த தோட்டக்காட்டை நினைவூட்டுவதாகும்.

இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் வேறு வழியிற் சென்றது. மணம் புரிந்தோரின் உடைமையும் கடனும் பொதுவாயின. அவற்றை ஆளும் உரிமை கணவனுக்கே இருந்தது. ஆயினும் அச்சட்டமே பெண்ணுக்குச் சில வாயில்களைத் திறந்து வைத்தது. மணத்திற்கு முன் உடன்படிக்கை எழுதிப் பொதுவுடைமையை விலக்கிக்கொள்ளலாம். கணவனுக்காகப் பிணைநின்ற மனைவி, தனக்குள்ள பாதுகாப்பை அறிந்தே துறந்தாலன்றி, அப்பிணையாற் கட்டுப்படாள். பழைய ஒல்லாந்தில், கணவனின் கடனை ஏற்க விரும்பாத கைம்பெண் வீட்டுத் திறவுகோலை அவனுடைய பிரேதப் பெட்டியின்மேல் வைத்து, உடைமை அனைத்தையும் கைவிட்டு வெளியேறும் வழக்கமும் இருந்தது. உடைமையை இழந்தேனும் கடனினின்று தப்புதற்கு அதுவே அவளுக்கு வழியாயிற்று.

1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், 1877 ஜூன் 29 முதல், இப்பொதுவுடைமை முறையை நீக்கியது. மனைவி தன் உழைப்பால் ஈட்டும் கூலி அவளுக்கே உரியதாயிற்று. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், மணமான பெண் தன் சொத்தைத் தானே ஆளவும், ஒப்பந்தம் செய்யவும், வழக்குத் தொடரவும் முழு உரிமை அளித்தது. வட மாகாணத் தமிழருக்குரிய தேசவழமை தோட்ட மக்களைச் சாராது. அவர்கள் இந்தியாவின் குடிகளாகக் கருதப்படினும், இலங்கையின் பொதுச் சட்டத்திற்கு உட்பட்டோராகக் கருதப்படினும் பெறப்படும் முடிவு ஒன்றே: கணவன் கடனுக்கு மனைவியின் கூலி ஈடாகாது. அன்றியும், 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை தொழிலாளரின் கூலியை நீதிமன்றத் தீர்ப்புக் கடனுக்காகக் கைப்பற்றுதலையும் விலக்கியது.

சபரகமுவ தனி மாகாணமாக வகுக்கப்பட்டதும் அதே 1889ஆம் ஆண்டிலாகும். கோப்பி நோயால் அழிந்த பின்னர், பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை ஆகிய பகுதிகளில் தேயிலையும் பின்பு இறப்பரும் பரந்தன. களனிப் பள்ளத்தாக்கின் புகையிரதப் பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியது. இத்தோட்டங்களுக்கு ஆள்கட்டி வந்தவர் பெரிய கங்காணிமார். அவர்களின் கீழ்ச் சில்லறைக் கங்காணிமார் இருந்தனர். வழிச்செலவு, அரிசி, துணி, ஊரிலிருந்த பழைய கடன் எனப் பலவகையிலும் முன்பணம் கொடுக்கப்பட்டது. தொழிலாளி தோட்டத்தில் அடிவைக்கும் பொழுதே அவன் பெயரிற் கணக்கு ஏறியிருந்தது. வேலைக்கு இறங்கிய தலை ஒவ்வொன்றுக்கும் தலைக்காசு பெற்ற கங்காணிக்கு, ஆட்கள் தன்னை விட்டு நீங்காதிருத்தலே இலாபமாயிற்று.

இந்நிலையில் எழுந்ததே துண்டு முறை. கங்காணி தன் ஆட்களுடன் தோட்டம் மாற விரும்பினால், துரை ஒரு துண்டுக் கடிதம் கொடுப்பார். இன்ன தொகையைச் செலுத்துவோர்க்கு இவ்வாட்கள் விடுவிக்கப்படுவர் என்பது அதன் சாரம். புதிய தோட்டத்தார் அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெறுவர். அத்தொகை அங்கே மீண்டும் கடனாக ஏறும். இறப்பர் விலை உயர்ந்த 1910ஆம் ஆண்டையொட்டி ஆட்களுக்குப் போட்டி மிகுந்தது. துண்டுத் தொகைகளும் உயர்ந்தன. தொழிலாளி ஒரு சதமும் கையிற் காணாமலே அவன் கடன் பெருகியது.

இங்கேதான் மனைவியின் நிலை ஆராயத்தக்கது. துண்டு ஒருவரின் கணக்கன்று. ஒரு கூட்டத்தின் கணக்கு. எடுத்துக்காட்டாக, ஒருவன் ஐம்பது ரூபாய் முன்பணம் பெற்றான் எனவும், அவன் மனைவி ஏதும் பெறவில்லை எனவும் கொள்க. சட்டப்படி அவள் கடனற்றவள். ஆயினும் கூட்டத்தின் மொத்தத் தொகை செலுத்தப்பட்டாலன்றிக் கூட்டம் விடுபடாது. கணவனை விட்டு அவள் தனித்துச் செல்லுதலும் இயலாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் தண்டனைக்குரிய குற்றம். எனவே, கணவனின் கடனுக்கு அவள் எங்கும் கையொப்பமிடாமலே அதனுள் அடங்கினாள். நீதிமன்றத்தில் அவளுக்கிருந்த பாதுகாப்பு, நீதிமன்றத்தை நாடாத துண்டின் முன் பயன்படவில்லை.

இம்முறையின் கேடு நெடுங்காலம் மறைந்திருக்கவில்லை. 1908இல் குடிபெயர் தொழிலாளர் பற்றிய ஆணைக்குழு கடன் நிலையை ஆராய்ந்தது. 1917இல் மார்ஜொரிபாங்க்ஸ், மரைக்காயர் ஆகிய இருவரும் இந்தியத் தொழிலாளர் நிலைபற்றி அறிக்கை அளித்தனர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலன் காக்கும் சங்கத்தை நிறுவி இக்கொடுமைகளை எதிர்த்தார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1923ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த குடிவரவு நிதி ஆள்கட்டும் செலவை ஏற்றது. அதன் பின்னர் வந்தோர் வழிச்செலவுக் கடன் இன்றியே தோட்டம் சேர்ந்தனர்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்கீழ் 1929இல் வேதனங்கள் வரையறுக்கப்பட்டன. கீழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சதமும் பெண்ணுக்கு 40 சதமும் விதிக்கப்பட்டன. பெண்ணின் உழைப்புக்குத் தனி விலை சட்டத்திற் பொறிக்கப்பட்டமை இதன் சிறப்பு. அவ்விலை ஆணினதைவிடக் குறைந்திருந்தமை இதன் குறை. 1984இலேதான் இருபாலார்க்கும் சம வேதனம் கிடைத்தது. ஆயினும் சம்பள நாளில் மனைவியின் கூலியைக் கணவனே பெற்றுச் செல்லும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் தோட்டங்களில் நிலவியதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அவளுடைய நாட்சம்பளம் அவள் பெயரிற் பதியப்பட்டும், அவன் கடைக்கணக்கிற்குச் சென்றது. கங்காணியின் பிடி தளர்ந்தவிடத்தும் இல்லத்தின் பிடி எஞ்சியிருந்தது.

ஒரே தாளில் இருவரைப் பிணைத்தலால் விளையும் இடர் தோட்டத்திற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கணவனும் மனைவியும் ஒரே வருமானவரிப் படிவத்திற் கையொப்பமிடலாம். அவ்வாறு இட்டோருள் ஒவ்வொருவரும் முழு வரிக்கும் பொறுப்பாவர் என 1938இல் அந்நாட்டுச் சட்டம் விதித்தது. கணவன் மறைத்த வருமானத்திற்காக ஏதுமறியாத மனைவி துன்புறுதல் கண்டு, 1971இல் அவளுக்கு விடுதலை அளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. 1998இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. தனித்தனிப் படிவம் இடுதலே தொடக்கத்திலேயே கிடைக்கும் காப்பு; குற்றம் தன்னதன்று எனப் பின்னர் நிறுவுதல் கடினமான காப்பு. இலங்கையிலும் 1932ஆம் ஆண்டின் வருமானவரிக் கட்டளைச் சட்டம் கணவனோடு வாழும் மனைவியின் வருமானத்தைக் கணவனின் வருமானமாகவே கொண்டது. இன்றோ இருவரும் தனித்தனியே வரி மதிப்பிடப்படுகின்றனர்.

ஸ்மிருதிகாரர், டச்சு நீதிவாணர், ஆங்கில ஆட்சியினர் ஆகிய மூவரும் மனைவிக்குக் காப்பு அளிக்க முயன்றனர். ஆயினும் சபரகமுவையின் இறப்பர்க் காடுகளில் உழைத்தவளுக்கு அக்காப்பு எட்டவில்லை. அவள் பெயரில் தனிக் கணக்கின்மையும், அவள் கூலி அவள் கையிற் சேராமையும், தன்னைப் பிணைக்கும் தாளைப் படித்தறியும் கல்வியின்மையுமே அதற்குக் காரணங்கள். இன்று நுண்கடன் நிறுவனங்கள் பெண்களின் கையொப்பத்தையே பெரிதும் நாடுகின்றன. கடன் அவள் பெயரில், செலவு குடும்பத்திற்கு என முறை தலைகீழாயிற்று. கணவனோடு சேர்ந்து பட்ட கடனும் தானே பட்ட கடனும் மனைவியைக் கட்டும் என்று பழைய நூல் கூறிய விலக்கு இப்பொழுது மீண்டும் பொருளுடையதாகின்றது. துண்டு ஒழிந்து நூறாண்டுகள் கடந்தும், கையொப்பமிடுமுன் தாளைப் படித்தறிதல் தோட்டத்துப் பெண்ணுக்கு இன்றியமையாத காப்பாகவே உள்ளது.