உதிர்ந்துபோன 'கள்' விகுதி

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்குமேல் வண்டிகள் ஓடா. அந்நேரத்தில் காந்தி சிலைக்கருகே கூடி நின்று கதைப்பது நம் நண்பர் குழாத்தின் நெடுநாள் வழக்கம். 2024 ஆகஸ்ட் இறுதியில் அங்கே எழுந்த ஒரு வழக்குதான் இக்கட்டுரைக்கு வித்து. இங்கிலாந்தின் ஓயாசிஸ் இசைக்குழு மீண்டும் சேர்கிறது என்ற செய்தி அவ்வாரம் வெளியாகியிருந்தது. தொண்ணூறுகளில் மான்செஸ்டரிலிருந்து புறப்பட்டு உலகை ஆட்டிவைத்த குழு அது. நோயல், லியாம் என்ற கேலகர் உடன்பிறப்புகள் 2009இல் பாரிசில் நிகழ்ச்சி தொடங்குமுன்பே சண்டையிட்டுப் பிரிந்தனர். பதினைந்தாண்டுகள் கழித்துக் கைகோத்து, 2025 ஜூலையில் கார்டிஃப் நகரில் மேடையேறினர்.

நண்பர்களுள் ஒருவர் துள்ளிக் குதித்தார். இளமையில் ஒலிநாடா தேய்யத் தேய்யக் கேட்டவர் அவர். மற்றொருவரோ, "காசுக்காகச் சேர்கிறார்கள், பழைய பாட்டைப் பழைய நாடாவில் கேட்டுக்கொள்ளலாமே" என்றார். நுழைவுச்சீட்டின் விலை தேவைக்கேற்ப ஏறிய முறையால் இங்கிலாந்திலேயே கூச்சல் எழுந்தது என்பதும் அவர் கட்சிக்கு வலுச் சேர்த்தது. மூன்றாமவர், எப்போதும் பேச்சைத் தமிழ்நாட்டுக்கு இழுத்துவருபவர், சற்றே பொறுத்துக் கேட்டார்: "அது கிடக்கட்டும். விசுவநாதனும் இராமமூர்த்தியும் 1995இல் சேர்ந்தார்களே, அப்போது நீங்கள் இருவரும் எந்தப் பக்கம்?"

இருவரும் வாயடைத்து நின்றனர். நாமுந்தான். அந்தக் கூடலைப் பற்றி நமக்கென்று ஒரு கருத்து இருந்ததேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நிற்க. இளைய வாசகர்களுக்காகச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

திருச்சிராப்பள்ளியில் 1922இல் பிறந்த டி.கே.இராமமூர்த்தி வயலின் மரபில் வந்தவர். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரர். பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம்.எஸ்.விசுவநாதன், வறுமையோடு மல்லாடி ஆர்மோனியத்தின் வழியே திரையிசைக்குள் வந்தவர். இருவரும் சந்தித்த இடம் சி.ஆர்.சுப்பராமனின் இசைக்குழு. 1952இல், இருபத்தெட்டே வயதில் சுப்பராமன் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற 'தேவதாஸ்' முதலிய படங்களின் எஞ்சிய பணியை உதவியாளர்கள் முடித்துக் கொடுத்தனர். குருவின் மேசையில் பாதியில் நின்ற வேலையை முடிப்பதிலேயே தொடங்கிய கூட்டு அது.

அதே ஆண்டு, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இருவர் பெயரும் இணைந்து வந்தது. எந்தப் பெயர் முன்னே, எது பின்னே? இராமமூர்த்தி ஆறாண்டு மூத்தவர். ஆயினும் 'விசுவநாதன்–இராமமூர்த்தி' என்றே அமைந்தது. மூத்தவர் பின்னே நின்று இளையவரைத் தாங்கட்டும் என்று கலைவாணரே அவ்வாறு வரிசைப்படுத்தினார் என்று சொல்வார்கள். இந்தியில் சங்கர்–ஜெய்கிஷன் இணை கொடிகட்டிப் பறந்த காலம் அது. இரட்டைப் பெயருக்கு அங்கே முன்மாதிரி இருந்தது. கலைவாணர் செய்த ஏற்பாடு நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் பெயர் வரிசை என்பது எத்துணை வலியது என்பதைப் பின்வந்த வரலாறு காட்டியது.

'பாகப்பிரிவினை' (1959), 'பாசமலர்', 'பாவமன்னிப்பு', 'பாலும் பழமும்' (மூன்றும் 1961), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), 'கர்ணன்', 'புதிய பறவை', 'காதலிக்க நேரமில்லை' (மூன்றும் 1964) என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 'கர்ணன்' படத்தில் வடநாட்டு இசைக்கருவிகளும் நம் இராகங்களும் கைகோத்ததும், அதே ஆண்டில் 'காதலிக்க நேரமில்லை'யில் மேற்கத்தியத் துள்ளல் குதித்ததும் ஒரே இருவரின் கைவண்ணம் என்பது இன்றும் வியப்பூட்டுகிறது. 1963இல் சென்னையில் நடந்த பாராட்டு விழாவில், நடிகர்திலகம் சிவாஜி கணேசன் கையால் இவர்கள் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் பெற்றனர். ஈற்றிலுள்ள 'கள்' விகுதியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1965இல், 'ஆயிரத்தில் ஒருவன்' வெளிவந்த ஆண்டில், இருவரும் பிரிந்தனர். ஏன் பிரிந்தனர் என்பதற்குக் கோடம்பாக்கத்தில் கதைகள் பல. அவற்றை இங்கே அடுக்க விருப்பமில்லை. கேள்விப்பட்டதை எழுதுவது வரலாறு ஆகாது. ஊடலுக்கென்றே மருதத் திணையை வகுத்த நம் இலக்கண ஆசிரியர்கள், தொழிற்கூட்டில் வரும் ஊடலுக்குத் துறை எதுவும் வகுக்கவில்லை. அகத்தில் வாயில்கள் உண்டு: பாணன், தோழி, விறலி என யாரேனும் தூது போவர். இங்கே தூது போகப் பாணன் யார்? பாணர்களே ஊடிக்கொண்டால்?

பிரிவுக்குப்பின் இருவர் பாதையும் ஒத்திருக்கவில்லை. விசுவநாதன் 'அன்பே வா' (1966), 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973), 'அபூர்வ ராகங்கள்' (1975), 'நினைத்தாலே இனிக்கும்' (1979) என்று மேலும் மேலும் உயர்ந்தார். இராமமூர்த்தி தனித்து இசையமைத்தவை இருபதுக்கும் குறைவே. ஆனால் 'சாது மிரண்டால்', 'மறக்க முடியுமா', 'தேன்மழை' (மூன்றும் 1966), 'நான்' (1967), 'மூன்றெழுத்து' (1968), 'தங்கச் சுரங்கம்' (1969) ஆகியவற்றைக் கேட்டவர் எவரும் அவற்றை எளிதாக ஒதுக்கிவிட மாட்டார். 'மறக்க முடியுமா'வில் வாழ்க்கையைக் காகித ஓடத்துக்கு ஒப்பிடும் அந்தப் பாடலை இரவில் வானொலியில் கேட்டுக் கலங்காதவர் உண்டோ? அதன் இசையமைப்பாளர் யாரென்று கேட்டால் மட்டும் பத்தில் எட்டுப் பேர் விசுவநாதன் பெயரைச் சொல்வார்கள். இது நாம் நம் வகுப்பறையிலேயே கண்டது. ஒருமுறை மாணவர்களிடம் 'கர்ணன்' படத்துக்கு இசை யார் என்று கேட்டோம். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "எம்.எஸ்.வி." என்றது. பாதி சரியான விடைக்கு எத்தனை மதிப்பெண் தருவது என்று தெரியாமல் விழித்தோம்.

இப்போது புதுவைக்கு வருவோம். வழக்கைத் தீர்க்க நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது என்பது கடற்கரைப் பேச்சின்போது நமக்குத் தட்டுப்படவில்லை. வீட்டுக்கு வந்தபின்தான் தோன்றியது. பெருமாள் கோயில் தெருவில் வாழ்ந்த பாவேந்தர் பாரதிதாசன் 1964 ஏப்ரலில் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே அவருடைய பாடல்கள் இரண்டு திரைக்கு வந்தன. தமிழை அமுதுக்கு ஒப்பிட்டுத் தொடங்கும் 'இன்பத் தமிழ்', கே.சங்கர் இயக்கிய 'பஞ்சவர்ணக்கிளி'யில் பி.சுசீலாவின் குரலில் ஒலித்தது. இசை விசுவநாதன்–இராமமூர்த்தி. 'சங்கநாதம்' அதே கே.சங்கர் இயக்கிய 'கலங்கரை விளக்கம்' படத்தில் சீர்காழி கோவிந்தராஜன், பி.சுசீலா குரல்களில் முழங்கியது. இசை விசுவநாதன் மட்டும்.

எண்ணிப் பாருங்கள். ஆண்டு ஒன்று, கவிஞர் ஒருவர், இயக்குநர் ஒருவர், பாடகியும் பொது. மாறியது பெயர்ப்பட்டியலில் ஒரு பெயர் மட்டுமே. அறிவியலார் ஆய்வுக்கூடத்தில் எத்துணை முயன்றும் அமைக்கவியலாத சோதனையை 1965ஆம் ஆண்டு தானே அமைத்து வைத்திருக்கிறது.

அடுத்த வாரம் நண்பர்களைக் கூட்டி இரு பாடல்களையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டோம். பெயர்களைச் சொல்லாமல், எது இருவர், எது ஒருவர் என்று கேட்டோம். நம் கட்சிக்காரர் ஒருவர், சங்கின் முழக்கத்தில் கட்டுக்கோப்பான வாத்திய அமைப்பு இருக்கிறது, ஆகவே அதில்தான் இராமமூர்த்தியின் கைப்பட்டிருக்கிறது என்று அடித்துச் சொன்னார். தவறு. மற்றொருவர் சரியாகச் சொன்னார். ஆனால் காரணம் கேட்டபோது, படங்களின் பெயர்ப்பட்டியலை முன்பே பார்த்திருந்ததாக ஒப்புக்கொண்டார். காதால் மட்டும் பிரித்தறிந்தவர் ஒருவருமில்லை.

இதிலிருந்து என்ன பெறப்படும்? மெட்டமைத்தவர் விசுவநாதன், வாத்தியங்களை வகுத்தவர் இராமமூர்த்தி என்று பரவலாகச் சொல்லப்படும் பங்கீடு அவ்வளவு எளிதில் நிறுவக்கூடியதன்று என்பது ஒன்று. 'இராமமூர்த்தி போனதும் இசை போயிற்று' என்போர் கூற்று 1965இலேயே பொய்த்துவிட்டது என்பது இன்னொன்று. ஆனால் எதிர்க்கட்சியார் இதனைக் கொண்டு, 'ஆகவே இராமமூர்த்தி இல்லாமலேயே எல்லாம் நடந்திருக்கும்' என்று முடிபு கட்டினால் அதை ஏற்கமாட்டோம். பதின்மூன்றாண்டுகள் ஒரே அறையில் வளர்ந்த ஓர் இசைமொழியைப் பிரிந்த மறுநாள் ஒருவர் தனியே பேசினார் என்றால், அது அவர் மட்டும் ஆக்கிய மொழி என்று பொருளாகாது. உடன்பிறந்தார் பாகம் பிரித்துக்கொண்டால் நிலத்தை அளந்து பிரிக்கலாம். பேச்சுவழக்கை எப்படிப் பிரிப்பது?

இனி 1995. முப்பதாண்டுகளுக்குப்பின் 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் இரு பெயர்களும் மீண்டும் சேர்ந்தன. மலையாளத்தில் 1988இல் பெருவெற்றி பெற்ற 'சித்ரம்' படத்தின் மறுவாக்கம் அது. சந்தானபாரதி இயக்க, சத்யராஜும் ரோஜாவும் நடித்தனர். (படத்தின் பெயராக அமைந்த சொற்கள் பாரதியின் கண்ணன் பாட்டில் வருபவை. பாரதி புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்த ஆண்டுகளின் விளைச்சல் அது. எந்த வழியாகப் போனாலும் இக்கதை நம் ஊருக்கே திரும்பி வருகிறது.) அதே 1995 ஆகஸ்டில்தான் இங்கிலாந்தில் ஓயாசிஸும் பிளர் குழுவும் ஒரே நாளில் பாட்டு வெளியிட்டு மோதிக்கொண்டன, அச்சுற்றில் வென்றது பிளர். அங்கே போர், இங்கே சமாதானம்.

ஆனால் அந்தச் சமாதானத்துக்குக் காலம் வாய்க்கவில்லை. 'பம்பாய்', 'முத்து' என ரகுமானின் ஒலி தெருவெங்கும் நிறைந்திருந்த ஆண்டு அது. இளையராஜாவின் காலமே மாறிக்கொண்டிருந்தபோது, அவருக்கும் முந்தையவர்களின் கூடலை யார் காது கொடுத்துக் கேட்பார்? படம் பெரிதாகப் பேசப்படவில்லை, பாடல்களும் நிலைக்கவில்லை. 'பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள்' என்றனர் சிலர். 'சேர்ந்ததே போதும்' என்றனர் சிலர். இருசாராருமே பாட்டைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் நமக்கு வருத்தம்.

இங்கே ஒப்பிடத்தக்க வேறொரு கூட்டு உண்டு. 1986இல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்தில் விசுவநாதன் மெட்டமைக்க, இளையராஜா வாத்திய இசை அமைத்தார். அது வென்றது. காரணம் நமக்குத் தெளிவாகவே தெரிகிறது: அவர்கள் எதையும் மீட்க வரவில்லை. புதிதாக ஒன்றைச் செய்ய வந்தார்கள். பழைய இருவர் 1995இல் சேர்ந்தபோது, கேட்டவர் அனைவரும் கையில் 'பாசமல'ரைத் தராசாகப் பிடித்துக்கொண்டு நின்றனர். அந்தத் தராசில் எந்தப் புதுப்பாட்டு நிற்கும்? ஓயாசிஸ் இந்தச் சிக்கலுக்குள் போகவில்லை. மேடையில் பழைய பாடல்களையே பாடினர், கூட்டமும் உடன்பாடிற்று. திரையிசையில் அதற்கு வழியில்லை. படம் புதிது, ஆகவே பாட்டும் புதிதாகவே இருந்தாக வேண்டும்.

அப்படியானால் அந்தக் கூடல் வீணா? நம் குழாத்தில் பெரும்பாலோர் ஆம் என்றே சொல்கின்றனர். நாம் மாறுபடுகிறோம். காரணம், மேலே நினைவில் வைக்கச் சொன்ன விகுதி. 1963இல் இருவருக்கும் தரப்பட்ட 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம், 1965க்குப்பின் மெல்ல மெல்ல 'மெல்லிசை மன்னர்' ஆகிவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. தொடர்ந்து புகழோடு இருந்தவர் பெயரோடு பட்டம் ஒட்டிக்கொண்டது. ஈற்றில் இருந்த 'கள்' உதிர்ந்தது. அதோடு சேர்ந்து பழைய பாடல்களிலிருந்தும் ஒரு பெயர் உதிர்ந்தது. வாயால் சொல்லும்போது நீளமான இரட்டைப் பெயரைச் சுருக்குவது மனித இயல்பு. சுருக்கும்போது பின்னே நிற்பதுதான் வெட்டுப்படும். கலைவாணர் வரிசைப்படுத்தியபடி, தாங்கி நின்றவர் பெயரே மறைந்தது. இந்தியில் இதற்கு நேர்மாறு: 1971இல் ஜெய்கிஷன் இறந்தபின்னும் சங்கர் இரட்டைப் பெயரிலேயே தொடர்ந்து இசையமைத்தார். அங்கே இறப்பும் பிரிக்காத பெயரை இங்கே ஊடல் பிரித்துவிட்டது.

எனவே 1995இல் திரையில் இரு பெயரும் ஒருசேர மின்னிய அந்தச் சில நொடிகளுக்கு, பாடல்களின் தரத்தோடு தொடர்பில்லாத ஒரு மதிப்பு உண்டு என்று கருதுகிறோம். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நம்மைப் போன்றோர்க்கு இராமமூர்த்தி என்று ஒருவர் இருக்கிறார் என்று தெரிவித்ததே அந்தப் படந்தான். "ஒரு பெயரை நினைவூட்டவா ஒரு படம் எடுப்பார்கள்?" என்று நண்பர் நகைத்தார். எடுப்பார்களோ இல்லையோ, விளைவு அதுதான்.

2012இல் தமிழக முதல்வர் ஜெயலலிதா இருவருக்கும் ஒரே மேடையில் 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் வழங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் இராமமூர்த்தி மறைந்தார். 2015 ஜூலை 14ஆம் நாள் விசுவநாதனும் சென்றார்.

கடற்கரை வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஓயாசிஸ் நண்பர் கார்டிஃப் நிகழ்ச்சியைக் கைப்பேசியில் துண்டுதுண்டாகப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. பழைய நாடாவே போதும் என்றவர், சென்ற மாதம் தம் வீட்டுப் பரணில் தேடி 'எங்கிருந்தோ வந்தான்' ஒலிநாடாவைக் கொண்டுவந்து கொடுத்தார். முப்பதாண்டு உப்புக்காற்றில் நாடா இறுகிச் சுழல மறுக்கிறது. அட்டையில் மட்டும் இரண்டு பெயரும் தெளிவாக இருக்கின்றன.