திரைப்படக் கார்களை இனங்காணல்

திரையில் தோன்றும் கார் எந்த வகை, எந்த நாட்டில் செய்யப்பட்டது, எந்த ஆண்டுக்குரியது என்று கண்டறிவதே திரைப்படக் கார் இனங்காணல். இது ரசிகர்களின் பொழுதுபோக்காகவே பெரிதும் வளர்ந்தது. ஆனாலும் படம் உண்மையில் எந்த மண்ணில் எடுக்கப்பட்டது, கதை நடக்கும் காலத்துக்குக் காட்சி பொருந்துகிறதா என்பதற்கு இதைவிட எளிய சான்று அதிகம் இல்லை. இலங்கையும் இந்தியாவும் சினிமாவில் ஒன்றுக்கு மற்றொன்று வேடம் கட்டி வந்திருப்பதால், இங்கே இந்தக் கலைக்கு வேலை கூடுதல்.

வேடம் கட்டியதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் கண்டிப் பகுதியிலேயே உண்டு. 1984இல் வெளிவந்த ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்’ படத்தின் கதை 1935இல், பெரும்பகுதி இந்தியாவில் நடக்கிறது. திரைக்கதைக்கு இந்திய அரசு இணங்காததால் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் குழு இலங்கைக்கு வந்தது. 1983 ஏப்ரல் 18 அன்று கண்டியில் படப்பிடிப்புத் தொடங்கியது. திகனவுக்கு அருகே அப்போது விக்டோரியா அணை எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்டிய பிரித்தானியப் பொறியியலாளர்களின் துணையோடுதான் படத்தின் புகழ்பெற்ற தொங்குபாலம் அமைக்கப்பட்டது. அதே படத்தின் ஷாங்காய்க் கார்த் துரத்தல் மக்காவோவில் எடுக்கப்பட்டது. கண்டிக் காட்சிகளில் நாயகர்கள் ஏறிப்போவது யானையில். யானைக்கு மொடல் ஆண்டும் இல்லை, இலக்கத்தகடும் இல்லை. கலை இயக்குநருக்கு ஒரு தலையிடி குறைந்தது.

அந்த 1935இல் கார் தேவைப்பட்டிருந்தாலும் பெரிய சிக்கல் வந்திராது. பிரித்தானியர் காலத்தில் கொழும்பிலும் சென்னையிலும் ஓடியவை ஏறத்தாழ ஒரே கார்கள்தாம்: ஒஸ்டின், மொரிஸ், ஹில்மன், ஃபோர்ட், செவ்ரலே. தேசத்தைச் சொல்வதில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. செவ்ரலே, ஃபோர்ட் என்றதும் அமெரிக்கா என்று எழுதிவிடுகிறோம். பேரரசு நாடுகளுக்கிடையே சுங்கச் சலுகை இருந்ததால், வலப்பக்க ஸ்டியரிங் வைத்த ‘அமெரிக்க’ கார்கள் பல கனடாவிலிருந்தே வந்தன. 1926இல் தொடங்கிய ஃபோர்டின் இந்தியக் கம்பனியும் கனடா ஃபோர்டின் கிளைதான். ஜெனரல் மோட்டர்ஸ் 1928இலேயே பம்பாயில் கார்களைப் பொருத்தத் தொடங்கிவிட்டது. பெயர்ச்சின்னம் டெட்ராய்டைச் சொல்லும். வண்டி ஒண்டாரியோவிலோ பம்பாயிலோ பிறந்திருக்கும்.

இரு நாட்டு வீதிகளும் பிரிந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1950களின் நடுவில் இந்தியா இறக்குமதிக் கதவைச் சாத்தியது. ஜெனரல் மோட்டர்ஸும் ஃபோர்டும் வெளியேறின. அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தமிழ்ப் படங்களின் சாதாரணத் தெருவில் மூன்று முகங்களே தெரிந்தன. அம்பாசடர், இங்கிலாந்தின் மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசையின் உடல். 1957 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்டது. பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100. மூன்றாவது, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்ட் சலூன் இரு கதவுக் கார். நான்கு கதவு ஹெரால்டை 1968 முதல் செய்தது சென்னைத் தொழிற்சாலை மட்டுமே. திரையில் நான்கு கதவு ஹெரால்ட் வந்தால் அது சென்னைப் பிள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஒஸ்டின் ஏ40 விடயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. இன்றைய அசோக் லேலண்ட், 1948இல் அசோக் மோட்டர்ஸாகத் தொடங்கி, எண்ணூரில் முதலில் பொருத்தியது இந்தக் காரைத்தான். இலங்கைக்கு அதே கார் இங்கிலாந்திலிருந்து நேரே இறங்கியது. படத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

இலங்கை வேறு வழியில் போனது. இங்கே உள்ளூர்த் தயாரிப்பு பெரிதாக இல்லை. 1960களில் அந்நியச் செலாவணி வற்றியபோது இறக்குமதி ஒடுங்கியது. உள்ள கார்களையே பழுது பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். மொரிஸ் மைனரின் முன் கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் அது 1956க்கு முந்தியது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் மைனர் 1000. ஆனால் காரின் வயது தெரிந்துவிட்டால் காட்சியின் காலமும் தெரிந்துவிடும் என்று நினைப்பது இலங்கையில் எடுபடாது. யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காட்டி எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்கம் குறைந்த பழைய ஒஸ்டினும் மொரிஸும்தான் அதற்குத் தாக்குப்பிடித்தன. 1995 யாழ்ப்பாணத்தைக் காட்டும் படத்தில் 1950களின் ஒஸ்டின் ஓடினால் அதைத் தவறென்று எழுதும் விமர்சகரே தவறு செய்கிறார்.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் தெரு ஜப்பானுக்குக் கைமாறியது. டொயோட்டா, நிசான், மிற்சுபிஷி என்று ரீகண்டிஷன் வண்டிகள் குவிந்தன. பொனட்டின் இரு ஓரத்திலும் முன்னே நீட்டிக்கொண்டு பின்பார்க்கும் கண்ணாடி நின்றால், அது பெரும்பாலும் ஜப்பானியரே ஓட்டிய வண்டி. 1983 வரை அங்கே கதவில் கண்ணாடி வைக்க அனுமதி இருக்கவில்லை. மாருதி 800 இன்னொரு குழப்பம்: உடல் சுசுகி ஓல்ட்டோ, பிறப்பு இந்தியா, ஓட்டம் இரு நாட்டிலும்.

இந்தப் பிரிவு தெரிந்தால் படங்களைச் சோதிக்கலாம். மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தின் இலங்கைக் காட்சிகள் போர் காரணமாக இந்தியாவில் எடுக்கப்பட்டன. தீபா மேத்தாவின் ‘வோட்டர்’ (2005) வாரணாசி எதிர்ப்புக்குப் பின் இலங்கையில் எடுக்கப்பட்டது. அதன் கதை 1938இல் நடப்பதால் வண்டி விடயத்தில் இரு நாடும் ஒன்றே. அதே இயக்குநரின் ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ (2012) கதை 1917இலிருந்து 1970கள் வரை நீளுகிறது. அதையும் இலங்கையில் எடுத்ததால், பின்பாதிக்கு இலங்கைத் தெரு தானாகக் கைகொடுக்காது. அம்பாசடரையும் ஃபியட்டையும் தேடிப்பிடிக்க வேண்டும்.

உடலைவிட உறுதியான சாட்சி இலக்கத்தகடு. பழைய இலங்கைத் தகடுகளில் ‘சிலோன்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்த ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற எழுத்துகள் இருந்தன. 1957இல் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. வடக்கில் பலர் தமிழ் ஸ்ரீ எழுதிய தகட்டோடு ஓட்டினர். 1958இல் வடக்கில் சிங்கள எழுத்துக்கும் தெற்கில் தமிழ் எழுத்துக்கும் தார் பூசப்பட்டது. அக்காலத்தைக் காட்டும் படத்தில் தகட்டைக் கவனிக்காமல் விடுவது, என் கணிப்பில், காரையே பிழையாகப் போடுவதைவிடப் பெரிய குறை. பின்னர் இலக்கங்கள் மட்டுமே கொண்ட தகடுகள் வந்தன. மாகாண எழுத்துகள் 2000ஆம் ஆண்டிலிருந்தே வழக்குக்கு வந்தன. ஆகவே விக்டோரியா அணை கட்டிய காலத்துத் திகனவைக் காட்டும் படத்தில் மத்திய மாகாணத்தின் ‘சி.பி.’ தகட்டோடு ஒரு கார் வந்தால், அந்தக் கார் எந்த நாட்டு, எந்த ஆண்டு வண்டியாக இருந்தாலும் காட்சி பிழை.