நான்கு சக்கரமும் இழுக்கும் கார்

எஞ்சினின் இழுவை நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேரும் அமைப்பே ஆல் வீல் டிரைவ். சாதாரணக் காரில் முன்சக்கரங்கள் இரண்டோ பின்சக்கரங்கள் இரண்டோதான் இழுக்கும். மற்ற இரண்டும் சும்மா உருளும். காய்ந்த தார்ச்சாலைக்கு அது போதும். பனி இறுகிக் கண்ணாடியாகிவிட்ட ஏற்றத்தில், இழுக்கிற இரண்டு சக்கரமும் வழுக்கிச் சுழன்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். நான்கும் இழுத்தால் ஏறிவிடும். கார் பிறந்த காலத்திலேயே இது தெரிந்திருந்தது. ஆனாலும் குடும்பங்கள் அன்றாடம் ஓட்டும் காருக்குள் இந்த அமைப்பு வந்து சேர ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பிடித்தன.

1903இல் நெதர்லாந்தின் ஸ்பைக்கர் சகோதரர்கள் ஆறு சிலிண்டர் எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட பந்தயக் கார் ஒன்றைச் செய்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வேறு இருந்தது. இன்று அது ஹேக் நகரத்து லவ்மன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. செய்ய முடியும் என்பதை அது காட்டியது. அன்றாடப் பயன்பாட்டுக்கு வர ஒரு சிக்கல் தீர வேண்டியிருந்தது.

வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் அதைவிடச் சிறிய வட்டத்திலும் போகின்றன. ஒரே நேரத்தில் முன்சக்கரம் கூடுதல் தூரம் உருள வேண்டும். முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே தண்டால் இறுகப் பிணைத்துவிட்டால் அதற்கு வழியில்லை. டயர் தரையில் தேய்ந்து இழுபடும், தண்டு முறுக்கேறும், வண்டி குதித்துக் குதித்துத் திரும்பும். சேற்றிலும் பனியிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கைத் தானே அவிழ்த்துவிடும். அதனால்தான் 1941இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த வில்லிஸ் ஜீப்பில் முன்சக்கர இயக்கத்தைச் சேர்க்கவும் பிரிக்கவும் தனி லீவர் வைத்தார்கள். ஆல் வீல் டிரைவின் பிற்கால வரலாறு பெரும்பாலும் அந்த லீவரை ஒழித்த வரலாறுதான்.

டிராக்டரால் பெயர் பெற்ற அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியலை வைத்தால் சிக்கல் தீரும் என்று நம்பிக் கடைசிக் காலம்வரை உழைத்தார். 1960இல் அவர் மறைந்தார். அவருடைய நிறுவனத்தின் அமைப்பை ஏற்று 1966இல் வெளிவந்தது இங்கிலாந்தின் ஜென்சன் எஃப்எஃப். விமானங்களுக்கென உருவான, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்கும் அதில் இருந்தது. காலத்தை மிஞ்சிய கார், விலையும் அப்படியே. 320 மட்டுமே செய்யப்பட்டன.

சாதாரண மனிதருக்கான ஆல் வீல் டிரைவ் கார் ஜப்பானின் வடகிழக்கில், மின்கம்பி பார்க்கும் தொழிலாளர்களின் தேவையிலிருந்து பிறந்தது. குளிர்காலத்தில் சைபீரியக் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து டோஹோகு மலைகளில் பனியாகக் கொட்டும். மின்தடத்தைப் பராமரிக்க அந்தப் பனியில்தான் போய்வர வேண்டும். ஜீப் போகும், ஆனால் அதில் குளிர் உள்ளே புகும், நாள் முழுக்க உட்கார உடம்பு தாங்காது. ஜீப்பைப்போல ஏறவும், காரைப்போல உட்காரவும் ஒரு வண்டி வேண்டும் என்று டோஹோகு மின்சார நிறுவனம் கேட்டது. மியாகி மாகாணத்துச் சுபாரு விற்பனையாளரின் பட்டறை, முன்சக்கர இயக்கம் கொண்ட சுபாரு வண்டி ஒன்றை எடுத்து, நிசான் புளூபேர்டின் பின் டிஃபரன்ஷியலைப் பொருத்தி அதை உருவாக்கியது.

சுபாருவின் எஞ்சினில் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும். கியர் பாக்ஸ் அதன் பின்னால் நேர்கோட்டில் நீளும். அதிலிருந்து பின்பக்கத்துக்கு ஒரு தண்டை நீட்டுவது எளிது. எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்ட கார்களில் அவ்வளவு எளிதாக அமையாது. 1971 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் மாதிரி வண்டி நின்றது. 1972 செப்டம்பரில் லியோன் எஸ்டேட் வேன் விற்பனைக்கு வந்தது. இதிலும் லீவர் உண்டு: பனி கண்டால் நான்கு சக்கரம், காய்ந்த சாலை வந்தால் மீண்டும் முன்சக்கரம். 1975இல் செடான் வடிவமும் வந்தது. சுபாரு என்பது கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்கு ஜப்பானியர் இட்ட பெயர். தமிழர் கார்த்திகைப் பெண்கள் என்று ஆறாக எண்ணும் அதே கூட்டம், ஆறு நட்சத்திரங்களாக அந்தக் காரின் முகப்பில் இருக்கிறது.

ஐரோப்பாவில் இதே எண்ணம் வேறு வழியில் வந்தது. 1977 வாக்கில் ஃபின்லாந்துப் பனியில் சோதனை ஓட்டத்துக்குப் போயிருந்த ஆடி பொறியாளர் யோர்க் பென்சிங்கர் ஒன்றைக் கவனித்தார். ஜெர்மன் ராணுவத்துக்கென உருவான ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ், வெறும் 75 குதிரைசக்தியை வைத்துக்கொண்டு, அதைவிடச் சக்தி வாய்ந்த ஆடி கார்களைப் பனியில் பின்தள்ளியது. இல்டிஸின் நான்கு சக்கர இயக்கத்தை நல்ல காருக்குள் வைத்தால் என்ன என்ற கேள்வி அங்கே பிறந்தது. 1978 ஜனவரியில் ஆஸ்திரியாவின் டுராக்கர் ஹோஹே கணவாயில், 23 சதவீதம் வரை சரிவுள்ள பனிப்பாதையில், கோடைக்கால டயரோடு மாதிரிக் கார் ஏறிக்காட்டியது.

ஆனால் பழைய சிக்கல் போகவில்லை. ஆடியின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் உயரதிகாரி ஒருவரின் மனைவி வியன்னாவில் அந்தக் காரை ஓட்டிவிட்டு, திருப்பும்போது வண்டி குதிக்கிறது என்று குறை சொன்னதாக ஒரு கதை உண்டு. மலையேற்றத்தைவிட அந்தக் குறை முக்கியமானது. வண்டி அன்றாடம் பயன்படுமா என்பதைச் சந்து திருப்பத்திலும் வண்டி நிறுத்தும் இடத்திலும்தான் பார்க்க வேண்டும். நடுவில் டிஃபரன்ஷியல் தேவை என்று முடிவானது. அதற்காகத் தனிக் கனமான பெட்டி சேர்க்காமல், கியர் பாக்ஸின் ஒரு தண்டையே குழாயாக்கி, அதற்குள் இன்னொரு தண்டை ஓட்டி முன்சக்கரங்களை இயக்கினார்கள். 1980 மார்ச்சில் ஜெனீவாவில் ஆடி குவாட்ரோ அறிமுகமானது. 1981இல் அதை ஓட்டி மிஷேல் மூட்டோன் சான் ரெமோ ராலியை வென்றார். உலக ராலி சாம்பியன்ஷிப் சுற்று ஒன்றை வென்ற முதல் பெண் அவர்.

அதே காலத்தில் அமெரிக்காவின் ஏஎம்சி ஈகிள், தடித்த திரவம் நிறைந்த இணைப்பின் மூலம் லீவரே இல்லாமல் குடும்பக் காரை ஓடவைத்தது. 1983இல் வந்த ஃபியட் பாண்டா 4x4 குறுக்கு எஞ்சின் கொண்ட சிறிய கார். ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் இன்றும் அதற்கு மதிப்பு குறையவில்லை. 1990களின் இறுதியில் ஹால்டெக்ஸ் க்ளட்ச் வந்தது. சாதாரணமாக முன்சக்கரத்தில் ஓடி, வழுக்கல் தெரிந்ததும் கணினி பின்சக்கரத்தைச் சேர்த்துவிடும். எரிபொருளும் மிச்சம், ஓட்டுநர் எதையும் தொட வேண்டியதில்லை. ஆல் வீல் டிரைவோடு இன்று விற்கும் சிறு எஸ்யூவிகளில் பல இந்த வழியைப் பின்பற்றுபவை. 2001இல் டொயோட்டா எஸ்டிமா ஹைப்ரிட் பின்னால் தனி மின்மோட்டார் வைத்து, நடுத்தண்டையே நீக்கிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு ஒன்று மாறவில்லை. நான்கு சக்கர இழுவை புறப்பட உதவும், ஏற உதவும். வண்டியை நிறுத்த உதவாது. பிரேக் பிடிக்கும்போது எந்தக் காரும் நான்கு சக்கரத்தாலும்தான் நிற்கிறது, அப்போது கணக்கில் வருவது டயரின் பிடி மட்டுமே. ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் விறைக்கிறது. பனிக்கால டயரின் ரப்பர் இளகியே இருக்கிறது. ஏற்றத்தில் தடையின்றிப் போன கார் இறக்கத்தில் ஓட்டுநரை ஏமாற்றுவது இதனால்தான்.

டயரின் கதையும் மியாகிக்கே திரும்புகிறது. ஆணி பதித்த டயர்கள் பனியில்லாத நாட்களில் தாரைச் சுரண்டியதால், 1980களில் மியாகியின் செண்டாய் நகரம் புழுதியால் மூச்சுத் திணறியது. 1988இல் ஆணியில்லாப் பனிக்கால டயரான பிரிட்ஜ்ஸ்டோன் பிலிஸாக் வந்தது. 1990இல் ஜப்பான் ஆணி டயரைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. ஈழத் தமிழர் பலர் வாழும் மான்ட்ரியல் நகரம் அடங்கிய, கனடாவின் கியூபெக் மாகாணத்தில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்குப் பனிக்கால டயர் கட்டாயம். ஆல் வீல் டிரைவ் என்பதற்காக அங்கே எந்தக் காருக்கும் விலக்கு இல்லை.