கல்லைப் பொறுக்கிக் கட்டிய நாடு

மொரிசியஸ் என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது சினிமாப் பாட்டுக் காட்சியும் தேனிலவு விளம்பரமும்தான். அந்தத் தீவில் ரோடும் ரயிலும் தண்ணீரும் எப்படி வந்தன என்று சொல்லப் புகுந்தால், நம் தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் ஒரு பகுதியையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும்.

நான் பொதுப்பணித் துறையில் காலம் தள்ளியவன். எந்த ஊருக்குப் போனாலும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ரோடு யார் போட்டது என்றுதான் கண் முதலில் தேடும். சில வருஷங்களுக்கு முன் உறவினர் ஒருவர் வீட்டில் பதினைந்து நாள் தங்கியபோது அங்கேயும் அப்படித்தான் பார்த்தேன்.

சிறு தீவுகளையும் சேர்த்து அந்த நாட்டின் பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர். நம் தஞ்சாவூர் மாவட்டம் சுமார் 3,400. அங்கே ஜனத்தொகை பன்னிரண்டரை லட்சம் போல. நம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 24 லட்சம். ஆக, நம் மாவட்டத்தைவிடச் சிறிய இடத்தில் பாராளுமன்றம், மத்திய வங்கி, துறைமுகம், விமான நிலையம் எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு நாடு நடக்கிறது.

கரும்புக் கொல்லைகளின் நடுவே வீடு உயரத்துக்குக் கருங்கல் குவியல்கள் நிற்பதைக் கண்டு முதலில் ஏதோ பழைய கோயில் இடிபாடு என்று நினைத்தேன். இல்லை. அது எரிமலை எழுப்பிய தீவு, மண்ணெல்லாம் கல். அந்தக் கல்லைக் கையால் பொறுக்கிக் குவித்த பிறகுதான் கரும்பு நட இடம் கிடைத்திருக்கிறது. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டலில் விவசாயம் செய்யும் நமக்கு, வயலில் ஒரு கூழாங்கல் அகப்பட்டாலே அதிசயம்.

டச்சுக்காரர்கள் 1598-ல் அங்கே இறங்கினார்கள். கரும்பைக் கொண்டுவந்ததும் அவர்களே. 1710-ல் அவர்கள் கைவிட்டுப் போக, 1715-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1735-ல் கவர்னராக வந்த லபோர்தொனேதான் போர்ட் லூயி துறைமுகத்தை உருவாக்கியவர். 1746-ல் கப்பற்படையோடு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தாரே, அதே மனிதர். துறைமுகம் கட்டப் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களும் தச்சர்களும் போனார்கள். அடிமைகளாகவே கொண்டுபோகப்பட்ட இந்தியர்களும் உண்டு. கரும்புத் தோட்டக் கூலிகள் போவதற்கு நூறு வருஷம் முன்பே தமிழன் கை அங்கே பட்டுவிட்டது.

தீவு 1810-ல் பிரிட்டிஷார் வசம் வந்தது. 1835-ல் அடிமை முறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகளுக்கு வேறு ஆள் வேண்டுமே! 1834 தொடங்கி சுமார் எண்பது வருஷத்தில் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கினார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன பீகார்ப் பக்கத்தவர். சென்னை வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும் கணிசம். ஆரம்ப ஒப்பந்தங்களில் மாதச் சம்பளம் ஐந்து ரூபாய். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். அவர்கள் ஏறிவந்த துறைமுகப் படிக்கட்டு 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

ரயில் 1864-லேயே வந்துவிட்டது. சில வருஷங்களில் மலேரியா பரவிப் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். வசதியுள்ளவர்கள் ரயிலைப் பிடித்துக் குளிர்ந்த மேட்டு நிலத்துக்குக் குடிபோனார்கள். கியூர்பிப் முதலிய ஊர்கள் அப்படி வளர்ந்தவை. 1964-ல் ரயிலையே மூடிவிட்டார்கள். பிறகு ரோடு நெரிசல் தாங்காமல் 2019-ல் மெட்ரோ திறந்தார்கள். இந்தியாவின் பண உதவி. பாதை போட்டது நம் லார்சன் அண்ட் டூப்ரோ.

அங்கே கான்கிரீட் வீடுகள்தான் அதிகம். அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1960-ல் 'கரோல்' புயல் ஆயிரக்கணக்கான குடிசைகளையும் தகர வீடுகளையும் வாரிக்கொண்டு போனது. அதன் பிறகு ஜனங்கள் கெட்டி வீட்டுக்கு மாறினார்கள். குடிநீர் மழையை நம்பித்தான். மார்-ஓ-வாகோவா என்பது பெரிய நீர்த்தேக்கம். ஆலையில் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரமும் எடுக்கிறார்கள். தினம் சாப்பிடுவது சோறு. அரிசியோ ஏறக்குறைய முழுவதும் கப்பலில் வருகிறது.

1961-ல் ஜேம்ஸ் மீட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர், கரும்பையே நம்பிய இந்தத் தீவு அமைதியாக முன்னேறும் வாய்ப்பு குறைவு என்று எழுதினார். 1968 மார்ச் 12-ல் சுதந்திரம் வந்தது. 1977-ல் மீட் நோபல் பரிசு வாங்கினார். அதே வருஷம் மொரிசியஸ் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை இலவசமாக்கியது. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். 2005 முதல் மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பஸ் இலவசம். வருமானம் பாராமல் முதியோர் எல்லோருக்கும் பென்ஷன் என்பது 1958-லிருந்தே உண்டு. 60 என்ற வயது வரம்பை 65-க்குப் படிப்படியாக உயர்த்த 2025-ல் அரசு முடிவெடுத்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு அது புரியும்.

ஐந்து ரூபாய்க் கூலிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஓட்டுரிமை பெற்றதும் கேட்டது பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும். அந்த நாட்டின் உண்மையான கட்டுமானம் அதுதான் என்பது என் எண்ணம்.

தமிழ்? பேச்சில் குறைந்துவிட்டது. வீட்டிலும் தெருவிலும் கிரியோல்தான். ஆனால் தைப்பூசம் அரசு விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-ல் புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது தமிழர்கள் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். நூறு ரூபாய் நோட்டில் இருப்பது ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வழிவந்த அமைச்சரின் படம். 2018-19-ல் தற்காலிக ஜனாதிபதியாக இருந்தவர் பரமசிவம் பிள்ளை வையாபுரி.

அங்கே மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியோர் பதிவேடுகளைக் காத்து வைத்திருக்கிறார்கள். ஆள் பெயர், தகப்பன் பெயர், புறப்பட்ட ஊர் இவற்றை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதி வைத்தவை. அதைப் படியெடுத்துக்கொண்டு பூர்வீக ஊரைத் தேடி இந்தியா வருபவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் சிதைந்த ஒரு கிராமத்தின் பெயரை இன்றைய இளைஞர்கள் கண்டுபிடிப்பது சிரமம். பழைய பட்டா, பழைய தாலுகா எல்லை, ஊரின் பழைய பெயர் தெரிந்தவர்கள் நம் வயதுக்காரர்கள்தான். அப்படி ஒருவர் காகிதத்தை நீட்டிக்கொண்டு நம் தெருவுக்கு வந்தால், உட்காரவைத்து, காபி கொடுத்து, அந்தப் பெயரை வாய்விட்டு நாலு தரம் படித்துப் பாருங்கள். ஊர் பிடிபட்டாலும் படும்.