மெட்லாப்பும் மூன்று வரிசைகளும்

1970களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கம்பஸ் ஒன்றில் ஒரு மாணவர் கணினியில் கணக்குப் போடுவது இலேசான வேலை இல்லை. முழுப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே மெயின்பிரேம். ஃபோட்ரானில் நிரல் எழுதவேண்டும், அதைக் கொம்பைல் செய்யவேண்டும், இணைக்கவேண்டும், ஏற்றவேண்டும், பிறகு ஓட்டவேண்டும். அதையும் நீங்களே ஓட்டமுடியாது. மற்றவர்களின் வேலைகளோடு சேர்த்து வரிசையில் போடுவார்கள், முறை வந்ததும் அச்சடித்த தாளில் விடை வரும். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் விடைக்குப் பதிலாகப் பிழைச்செய்திதான். திருத்திவிட்டு மறுபடியும் வரிசை.

இதற்கு மாற்று அப்போதே இருந்தது. ஒரே இயந்திரம் பல டேர்மினல்களுக்கு இடையில் நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் முறையை எம்ஐடி 1961இலேயே காட்டிவிட்டது. டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கேர்ட்ஸும் 1964 மே 1ஆம் திகதி பேசிக் மொழியை ஓடவிட்டார்கள். விஞ்ஞானம் படிக்காத மாணவரும் கணினியைத் தொடவேண்டும் என்பதுதான் அவர்களுடைய நோக்கம். கலைப்பீடத்து ஆளான எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆனால் பேசிக்கில் பெரிய தாயக் கணக்கு, அதாவது மேட்ரிக்ஸ் கணக்கு, செய்வது வேறு கதை. அதற்கான நல்ல வழிமுறைகள் எல்லாம் ஃபோட்ரானில்தான் இருந்தன. சிக்காகோவுக்குப் பக்கத்தில் உள்ள ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தை மையமாக வைத்து உருவான ஐஸ்பேக், லின்பேக் என்ற இரண்டு தொகுப்புகள் அவை.

லின்பேக்கை எழுதிய நான்கு பேரில் ஒருவர் கிளீவ் மோலர். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். தான் சேர்ந்து எழுதிய தொகுப்பைத் தன் மாணவர்களே ஃபோட்ரான் தெரியாமல் தொடமுடியாது எண்டது அவருக்குப் பிரச்சினையாக இருந்தது. ஒரு மொழியை எப்படிப் பாகுபடுத்துவது என்று நிக்லவுஸ் விர்த்தின் புத்தகத்தைப் பார்த்துப் படித்து, 1970களின் கடைசியில் ஒரு சிறிய நிரலை எழுதினார். டேர்மினலில் ஒரு வரி தட்டினால் உடனே விடை வரும். பெயர் மெட்லாப், மேட்ரிக்ஸ் ஆய்வுகூடம் என்பதன் சுருக்கம்.

உண்மையில் அது ஒரு கணிப்பான் போலத்தான் இருந்தது. தாயத்தைத் தவிர வேறு தரவு வகையே கிடையாது. மொத்தமாக 71 சொற்கள்தான். புதிய செயல் ஒன்று வேண்டுமென்றால் மூலநிரலை எடுத்துத் திருத்தித் திரும்பவும் கொம்பைல் செய்யவேண்டும். அந்த 71க்குள் 'வை' என்று ஒரு கட்டளை. 'ஏன்?' என்று கேட்டால் கணினி ஏதாவது பகிடியாகப் பதில் சொல்லும். ஆகக் குறைந்த நினைவகத்தில் இதற்கும் இடம் ஒதுக்கிய மனிதரை எனக்குப் பிடிக்கும். கேட்டவர்களுக்கு அவர் அதைக் காசு வாங்காமல்தான் கொடுத்தார்.

1979இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு பாடம் எடுக்கப் போனபோது மாணவரிடம் அதைக் கொடுத்தார். கணிதம், கணினி விஞ்ஞானம் படித்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் படவில்லை. பொறியியல் பக்கத்து ஆக்கள்தான் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் கட்டுப்பாட்டுப் பொறியியலில் தாயம் நாளாந்தச் சாப்பாடு. அந்த வழியாகக் கேள்விப்பட்ட ஜாக் லிட்டில் என்ற பொறியியலாளர் 1983இல் வேலையை விட்டுவிட்டு, ஸ்டீவ் பாங்கேர்ட்டோடு சேர்ந்து முழுவதையும் சி மொழியில் திரும்ப எழுதினார். 1984இல் மேத்வேர்க்ஸ் கம்பனி தொடங்கியது. 1985 தொடக்கத்தில் முதல் விற்பனை, எம்ஐடிக்குப் பத்துப் பிரதிகள்.

இதைத் துரோகம் என்று சொல்ல நான் வரவில்லை. பழைய ஃபோட்ரான் வடிவத்தை இன்றைய மெட்லாப்பாக மாற்றியது கம்பனியின் உழைப்புத்தான். ஆனால் பல்கலைக்கழகத்துப் பொதுக் கணினிக்கு அது திரும்பி வந்தபோது கூடவே ஒரு புது வரிசையும் வந்தது. யுனிக்ஸ் சேர்வரில் நூறு பேர் ஒரே நேரத்தில் லொகின் செய்யலாம். பல்கலைக்கழகம் வாங்கியது இருபத்தைந்து லைசன்ஸ் என்றால், இருபத்தாறாவது ஆள் 'மெட்லாப்' என்று தட்டியதும் ஆள் கூடிப்போச்சு எண்டு ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். இயந்திரத்தில் இடம் இருக்கும், நேரமும் இருக்கும். யாராவது வெளியேறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். முந்தின வரிசைக்குக் காரணம் இயந்திரம் போதாமை. இது ஒப்பந்தத்தில் எழுதிய ஒரு எண்.

இதற்கிடையில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மோலர் கண்ட அதே பிரச்சினை திரும்ப வந்தது. இரசாயனப் பொறியியல் மாணவர்கள் தங்களுடைய பாடத்தை விட்டுவிட்டு, ஃபோட்ரான் நிரல் ஏன் ஓடவில்லை என்று தேடுவதிலேயே காலத்தைப் போக்கினார்கள். ஜேம்ஸ் ரோலிங்ஸும் ஜோன் எகேர்ட்டும் எழுதிக்கொண்டிருந்த இரசாயனத் தாக்கக் கலன் வடிவமைப்புப் பாடநூலுக்குத் துணையாக ஒரு மென்பொருள் செய்யலாம் என்ற யோசனை 1988 அளவில் வந்தது. ஜோன் ஈட்டன் 1992இல் முழுமூச்சாக எழுதத் தொடங்கி, 1994 பெப்ரவரியில் முதற் பதிப்பை வெளியிட்டார். அதுதான் ஒக்டேவ். சங்கீதத்துக்கும் இந்தப் பெயருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கடித உறையின் பின்பக்கத்தில் சட்டென்று கணக்குப் போட்டுவிடுகிற ஒக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற ஈட்டனின் பழைய பேராசிரியரின் பெயர். ஒக்டேவுக்கு லைசன்ஸ் சேர்வர் கிடையாது. பார்க்கலாம், மாற்றலாம், பக்கத்தில் இருப்பவருக்குக் கொப்பி பண்ணிக் கொடுக்கலாம்.

இலவசம்தான் இங்கே விசயம் என்றால் இது சின்னக் கதை. 2020 மே மாதம் அமெரிக்க வர்த்தகத் திணைக்களம் சீனாவின் ஹார்பின் தொழில்நுட்ப நிறுவனத்தையும் ஹார்பின் பொறியியல் பல்கலைக்கழகத்தையும் தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஜூன் மாதத்தில் அந்த இரண்டு இடத்து மாணவர்களுக்கும் மெட்லாப் நின்றுபோனது. காசு கட்டாததால் நின்றதல்ல. கட்டினாலும் கம்பனியால் கொடுக்கமுடியாது. மோலரின் மாணவர்கள் இயந்திரத்துக்காகக் காத்திருந்தார்கள், பிறகு வந்தவர்கள் லைசன்ஸுக்காக. இவர்கள் காத்திருந்தும் பலன் இல்லை, ஏனென்றால் திறப்பு இன்னொரு நாட்டு அரசாங்கத்தின் கையில்.

ஒக்டேவ் இருக்கிறதே, அதைப் பாவிக்கலாமே என்று அப்போது பலர் சொன்னார்கள். பாதி சரி. மெட்லாப்பில் எழுதிய சாதாரண நிரல்களில் பெரும்பாலானவை ஒக்டேவில் அப்படியே ஓடும். ஆனால் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் படமாக வரைந்து ஓட்டிப்பார்க்கிற சிமுலிங்க் ஒக்டேவில் இல்லை. மெட்லாப்பை முதலில் பிடித்துக்கொண்ட அதே பொறியியல் துறைக்காரர்களுக்குத்தான் ஹார்பினில் ஆகக் கூட அடி விழுந்தது.