தோகாவில் வென்ற தங்கம் கோமதி மாரிமுத்துவிடம் இருந்து பறிபோனது எப்படி? ஊக்கமருந்து சோதனையில் நடப்பது என்ன?

2019 ஏப்ரல் 22. கத்தார் தலைநகர் தோகாவில் ஆசிய தடகள சாம்பியன்ஷிப். பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் கடைசிக் கட்டத்தில் வேகமெடுத்த கோமதி மாரிமுத்து 2 நிமிடம் 2.70 விநாடியில் கோட்டைத் தொட்டார். தங்கம். திருச்சி அருகே முடிகண்டம் கிராமத்தைச் சேர்ந்த அவருக்கு அப்போது வயது 30. தேய்ந்துபோன ஷூவோடு ஓடினார் என்ற செய்தியும் சேர்ந்துகொள்ள, தமிழ்நாடே கொண்டாடியது. அரசியல் கட்சிகளும் சினிமா நடிகர்களும் பரிசுத் தொகை அறிவித்தார்கள்.

அந்தக் கொண்டாட்டம் ஒரு மாதம்தான் நீடித்தது. மே மாதமே ஊக்கமருந்து சோதனையில் அவர் சிக்கியதாகச் செய்தி வந்தது. 2020 ஜூனில் சர்வதேச தடகளத்தின் நேர்மைப் பிரிவு (ஏ.ஐ.யு.) தீர்ப்பை வெளியிட்டது: 4 ஆண்டு தடை, 2019 மார்ச் 18 முதல் மே 17 வரையிலான எல்லா முடிவுகளும் ரத்து. தோகா தங்கம், இரண்டாவதாக வந்த சீனாவின் வாங் சுன்யூவுக்குப் போனது.

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை பக்கம் காலை ஐந்து மணிக்குக் கண்மாய்க் கரையிலும் ரோட்டோரத்திலும் ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கு இது எங்கோ நடந்த கதை இல்லை. வானம் பார்த்த பூமியில் மிளகாயையும் கரிமூட்டத்தையும் நம்பியிருக்கும் வீடுகளுக்கு, விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலையோ ரயில்வே வேலையோ கிடைப்பது குடும்பத்தையே தூக்கி நிறுத்தும் விஷயம். மாவட்ட அளவைத் தாண்டி மாநிலம், தேசியம் என்று போகும்போதுதான் அந்தச் சிறுநீர் பாட்டில் முதன்முதலாகக் கைக்கு வருகிறது. அதற்கு முன் அதைப் பற்றி யாரும் சொல்லித் தருவது அபூர்வம்.

கோமதியின் மாதிரியில் என்ன இருந்தது?

அவரிடம் எடுக்கப்பட்ட நான்கு மாதிரிகளில் '19-நார்ஆண்ட்ரோஸ்டிரோன்' என்ற பொருள் இருந்தது. இது நேரடியாக யாரும் சாப்பிடும் மருந்து இல்லை. நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு உடலுக்குள் போய்ச் சிதைந்து, சிறுநீரில் வெளியேறும்போது கிடைக்கும் மிச்சம். நாண்ட்ரோலோன் தசையை வளர்க்கும், கடுமையான பயிற்சிக்குப் பின் உடல் சீக்கிரம் தேற உதவும். 800 மீட்டர் ஓட்டக்காரருக்கு இரண்டுமே லாபம்.

இந்தப் பொருள் மிகச் சிறிய அளவில் மனித உடலிலேயே உருவாகலாம். கர்ப்பிணிகளின் சிறுநீரில் காணப்படுவது உண்டு. விதை நீக்கப்படாத ஆண் பன்றியின் ஈரல் போன்ற உள்ளுறுப்புகளைச் சாப்பிட்டாலும் வரலாம். அதனால்தான் ஆய்வகங்கள் அளவை மட்டும் பார்த்து முடிவு சொல்லிவிடுவதில்லை. சந்தேகம் இருந்தால் கார்பன் ஐசோடோப் சோதனை செய்வார்கள். உடல் தானாக உருவாக்கிய ஹார்மோனும், தாவர மூலப்பொருளில் இருந்து தொழிற்சாலையில் தயாரான ஸ்டீராய்டும் அதில் வேறு வேறாகத் தெரியும்.

வாழ்நாளில் ஊக்கமருந்து பயன்படுத்தியதே இல்லை என்றார் கோமதி. ஆனால் ஊக்கமருந்து விதி அந்த இடத்தில் இரக்கம் பார்ப்பதில்லை. 'உன் உடம்புக்குள் என்ன போகிறது என்பதற்கு நீதான் பொறுப்பு' என்பதுதான் அதன் அடிப்படை. தெரிந்து சாப்பிட்டாரா என்பது தண்டனையின் அளவைப் பேசும்போது மட்டும் வரும். விதி மீறல் நடந்ததா என்ற கேள்விக்கு மாதிரியில் பொருள் இருந்ததே போதும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. முதல் மாதிரி எடுக்கப்பட்டது மார்ச் 18 அன்று, பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையின்போது. அதன் முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் கோமதி தோகா விமானமே ஏறியிருக்க மாட்டார் என்று இந்திய தடகள சம்மேளனம் குறைபட்டுக்கொண்டது. நியாயமான குறைதான். மெடலைக் கழுத்தில் போட்டு, ஊரே மேளம் அடித்த பிறகு கழற்றி வாங்குவது வீராங்கனைக்கும் அவமானம், நாட்டுக்கும் அவமானம். அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லியில் உள்ள தேசிய ஊக்கமருந்து சோதனை ஆய்வகத்தின் அங்கீகாரத்தையே உலக அமைப்பான 'வாடா' நிறுத்தி வைத்தது. 2021 டிசம்பரில்தான் அது திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் இந்திய மாதிரிகள் வெளிநாட்டுக்குப் போய்வந்தன.

சோதனை எப்படி நடக்கும்?

இந்தியாவில் இதைச் செய்வது தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை, சுருக்கமாக 'நாடா'. போட்டி முடிந்ததும் அதிகாரி வந்து கையெழுத்து வாங்குவார். அந்த நிமிடத்தில் இருந்து மாதிரி கொடுக்கும்வரை ஒருவர் கூடவே இருப்பார். பரிசு வாங்கப் போகலாம், தண்ணீர் குடிக்கலாம், ஆனால் கண் பார்வையை விட்டு நகர முடியாது.

சிறுநீர் கழிப்பதையும் நேரில் பார்ப்பார்கள். பெண்ணுக்குப் பெண் அதிகாரிதான். முதல் முறை போகும் பிள்ளைகள் மிரண்டுபோவது இந்த இடத்தில்தான். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், தன் சார்பில் பயிற்சியாளரையோ பெற்றோரையோ உடன் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. குறைந்தது 90 மில்லி வேண்டும். வரவில்லையென்றால் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான், அது நள்ளிரவு ஆனாலும்.

பிறகு சீல் வைத்த பெட்டிகளில் ஒன்றை வீரரே தேர்ந்தெடுப்பார். ஏ, பி என இரண்டு பாட்டில். ஊற்றுவதும் மூடுவதும் வீரரின் கையால்தான். ஒரு முறை மூடினால் உடைக்காமல் திறக்க முடியாத மூடி அது. பாட்டிலில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். கடைசியாக ஒரு படிவம்: கடந்த 7 நாளில் சாப்பிட்ட மாத்திரை, ஊசி, சத்து மாவு, சப்ளிமென்ட் எல்லாவற்றையும் எழுத வேண்டும். பலர் 'எதுக்கு வம்பு' என்று காலியாக விட்டுவிடுகிறார்கள். அது தவறு. எழுதியிருந்தால் மட்டும் குற்றம் மறைந்துவிடாது, ஆனால் பின்னால் விசாரணையில் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அந்தப் படிவம்தான்.

ஏ பாட்டிலில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால் தகவல் வரும். ஸ்டீராய்டு மாதிரியானது என்றால் உடனே தற்காலிகத் தடை. பி பாட்டிலைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம், திறக்கும்போது நேரில் இருக்கலாம். பி-யில் அது இல்லையென்றால் வழக்கு முடிந்தது. இருந்தால் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, அதன் பின் மேல்முறையீடு. சர்வதேச அளவிலான வீரர்களுக்கு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை வழி உண்டு.

சரி, மாதிரியே கொடுக்காமல் வந்துவிட்டால்? அதுவும் விதி மீறல்தான். ஒலிம்பிக் பதக்கம் வென்ற மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா 2024 மார்ச்சில் மாதிரி கொடுக்க மறுத்ததற்காக, அந்த ஆண்டு நவம்பரில் 4 ஆண்டு தடை பெற்றார். காலாவதியான கிட்டைப் பற்றி எழுப்பிய கேள்விக்கு நாடா பதில் தரவில்லை என்பது அவர் தரப்பு வாதம். எடுபடவில்லை.

இருமல் மருந்தும் மாட்டிவிடும்

எல்லா வழக்கும் ஸ்டீராய்டு வழக்கு இல்லை. கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷா 2019-ல் 8 மாதத் தடை பெற்றதற்குக் காரணம் டெர்பியூட்டலின். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் இருமலுக்குக் கேட்டால் எடுத்துத் தரும் சிரப்புகள் பலவற்றில் இருக்கும் சாதாரணப் பொருள் அது. ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் தரும் நீர் பிரியும் மாத்திரைகளும் பட்டியலில் உண்டு. மற்ற மருந்தின் தடயத்தைச் சிறுநீரில் நீர்த்துப்போகச் செய்யும் என்பதால் அந்தத் தடை.

கிராமத்தில் இன்னொரு பழக்கம், காய்ச்சலோ மூட்டு வலியோ 'ஒரு ஊசி போட்டாதான் கேக்கும்' என்பது. அந்த ஊசியில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால், 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் அதற்கும் தடை. உடம்பில் எந்த இடத்தில் போட்டாலும் சரி. மருத்துவத் தேவை உண்மையாகவே இருந்தால் முன்கூட்டியே விண்ணப்பித்து விலக்கு வாங்க வழி இருக்கிறது. ஒரு மருந்து பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க 'நோ யுவர் மெடிசின்' என்ற செயலியை நாடா வைத்திருக்கிறது.

சப்ளிமென்ட் டப்பா இதைவிட ஆபத்து. 2011-ல் அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர், சினி ஜோஸ் உட்பட ஆறு வீராங்கனைகள் ஸ்டீராய்டில் சிக்கினார்கள். முந்தைய ஆண்டுதான் இந்தியாவின் 4x400 தொடர் ஓட்ட அணி காமன்வெல்த்திலும் ஆசிய விளையாட்டிலும் தங்கம் வென்றிருந்தது. உக்ரைன் பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் மாத்திரைதான் காரணம் என்றார்கள். உள்நாட்டுக் குழு ஓராண்டு தடையோடு விட்டது. நடுவர் மன்றம் 2012-ல் அதை இரண்டு ஆண்டாக்கியது. கோச் கொடுத்தார் என்பது பாதி மன்னிப்புதான், முழு மன்னிப்பு இல்லை.

கோமதிக்குப் பின் திருச்சியில் இருந்தே இன்னொரு பெயர்: எஸ். தனலட்சுமி. 2021 ஃபெடரேஷன் கோப்பையில் 100 மீட்டரில் டூட்டி சந்தை முந்தியவர். 2022-ல் மெத்தாண்டியனோன் என்ற ஸ்டீராய்டு தெரியவர, பர்மிங்காம் காமன்வெல்த் வாய்ப்பு போய், 3 ஆண்டு தடை வந்தது. வழக்கமான 4 ஆண்டு ஏன் 3 ஆனது? குற்றச்சாட்டு வந்த 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டால் ஓராண்டைக் குறைக்கும் விதி இருக்கிறது.

சாந்தி வழக்கும் இதுவும் ஒன்றா?

இல்லை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஊரில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜனும் 800 மீட்டர்தான், அவரும் தோகாவில்தான் வென்றார், 2006 ஆசிய விளையாட்டில் வெள்ளி. அவரிடம் பறிக்கப்பட்டதற்குக் காரணம் பாலினச் சோதனை. அவர் எந்த மருந்தும் எடுக்கவில்லை, எந்த ஊக்கமருந்து விதியையும் மீறவில்லை. பிறவியிலேயே அமைந்த உடலுக்காகத் தண்டிக்கப்பட்டவர். அதே போன்ற விதியை எதிர்த்து டூட்டி சந்த் 2015-ல் நடுவர் மன்றத்தில் இடைக்காலமாக வென்றார். பிற்பாடு 2023-ல் அவருக்கு விதிக்கப்பட்ட 4 ஆண்டு தடை வேறு விஷயம், அது மருந்துக்காக.

ஆய்வகம் தப்பு செய்யாதா?

செய்திருக்கிறது. இலங்கை விக்கெட் கீப்பர் குசல் பெரேரா 2015-ல் கத்தார் ஆய்வக அறிக்கையால் தடை செய்யப்பட்டார். அந்த முடிவை வேறு நிபுணர்கள் கேள்வி கேட்க, 2016 மே மாதம் ஐ.சி.சி. குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றது. அதற்குள் ஆசியக் கோப்பையும் டி20 உலகக் கோப்பையும் முடிந்துவிட்டன. சட்டப் போராட்டத்துக்கு அவருக்குப் பின்னால் ஒரு கிரிக்கெட் வாரியம் இருந்தது. மாதச் சம்பளமே இல்லாத ஒரு கிராமத்து ஓட்டக்காரருக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

இந்தியாவின் நிலை

2022-ல் 3,865 மாதிரிகளில் 125-ல் தடை செய்யப்பட்ட பொருள். 2024-ல் 7,113 மாதிரிகளில் 260, அதாவது 100-க்கு 3.6. இதைவிட அதிகமாகச் சோதிக்கும் சீனா, ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் இந்த விகிதம் இதில் ஒரு சிறு பகுதிதான். சோதனை கூடியதால் சிக்குபவர்கள் எண்ணிக்கை கூடியது என்று அதிகாரிகள் சொல்வது உண்மைதான். ஆனால் எண்ணிக்கையை அப்படி விளக்கலாம், விகிதத்தை விளக்க முடியாது.

கோமதியின் தடை 2023 மே மாதத்தோடு முடிந்தது. 2019 ஆசியப் போட்டியின் 800 மீட்டர் தங்கம் வாங் சுன்யூ பெயரில் இருக்கிறது.