மடியில் வைத்த பெட்டியும் சட்டைப்பையில் போட்ட மவுத் ஆர்கனும்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் இருக்கும் மேல்சித்தாமூரைத் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் உள்ள ஊராகத்தான் வெளியுலகம் அறியும். ஜினகாஞ்சி மடம் என்று பெயர். பார்சுவநாதர் கோயிலும் தேரோட்டமும் அதன் அடையாளம். அந்த ஊரைச் சுற்றியுள்ள செஞ்சி வட்டாரத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. திரௌபதி அம்மன் வழிபாடு வேரூன்றிய நிலம் அது. ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே செஞ்சியையும் குருச்சேத்திரத்தையும் சேர்த்து வைத்தார். கோடை வந்தால் இங்கே ஊருக்கு ஊர் பாரதம் வைப்பார்கள்; பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அந்தக் கூத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் பெஞ்சில் அமர்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர்தான் இந்தக் கட்டுரைக்குத் தொடக்கம். அவர் மடியருகே இருக்கும் பெட்டியும் பள்ளிப் பிள்ளைகள் சட்டைப்பையில் வைத்து ஊதும் மவுத் ஆர்கனும் ஒரே குடும்பம். இரண்டிலும் ஒலி பிறப்பது மெல்லிய பித்தளை நாக்கில்தான். இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உருவாகி, கப்பலேறி வந்தவை. ஒன்று இந்த மண்ணின் கூத்துக்கும் பஜனைக்கும் நாடகத்துக்கும் சொந்தமானது. மற்றது இன்றும் விருந்தாளிதான். இந்த வேறுபாட்டுக்கு இசையிலக்கணத்தில் காரணம் தேடுவது வழக்கம். காரணம் அங்கே இல்லை, வாத்தியத்தைச் சுற்றி ஒரு கூட்டம் உட்கார்ந்ததா இல்லையா என்பதில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் ஆர்மோனியத்தின் கதை. பாரீசில் அலெக்சாந்தர் தெபேன் 1842இல் உரிமம் பெற்ற கருவி, காலால் மிதித்து வாசிக்கும் பெரிய பெட்டி. தரையில் சம்மணம் போட்டு அமரும் நாட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கல்கத்தாவில் துவார்க்கின் நிறுவனத்தின் துவாரகாநாத் கோஷ் துருத்தியைப் பின்புறத்துக்கு மாற்றி, ஒரு கையால் காற்றடித்து மறு கையால் வாசிக்கும்படி செய்தார். அது 1875 வாக்கில். அதன்பின் பெட்டி ரயிலேறித் தெற்கே வரத் தடை எதுவும் இல்லை. மராத்தி, பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துச் சூடுபிடித்த தமிழ் மேடை அதை உடனே பற்றிக்கொண்டது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு நிறைந்த நாடகங்களில் ஆர்மோனியப் பின்பாட்டு தனி உத்தியோகமாகவே ஆனது. நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர் தம்பிக்கு ஆர்மோனியம் வாசித்தே பெயர் பெற்றார். கூத்திலோ முகவீணையும் ஒத்தும் துத்தியும் சுருதி பிடித்த இடத்தில் பெட்டி வந்து உட்கார்ந்தது. முகவீணை போகவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே இடம் வைத்துக்கொண்டது.

ஆனால் இந்தப் பெட்டியைப் படித்தவர்கள் வெறுத்த அளவுக்கு வேறு எந்த வாத்தியத்தையும் வெறுத்ததில்லை. பாரதியார் தம் சங்கீதக் கட்டுரையில் அதைக் கடிந்தார். கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி அதைச் சாடினார். டெல்லி வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவை நடத்திய ஜான் ஃபோல்ட்ஸ் அதற்கு எதிராகக் கட்டுரையே எழுதினார். தாகூர் 1940 ஜனவரியில் கல்கத்தா நிலையத்துக்குக் கடிதம் எழுதி அதை விலக்கச் சொன்னார். அந்த ஆண்டு மார்ச் 1 முதல், லயனல் ஃபீல்டன் தலைமையிலிருந்த அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து நீக்கியது. வெள்ளைக்கார அதிகாரியும் தேசியக் கவிகளும் ஒரே குரலில் பேசிய அபூர்வமான இடம் இது. குற்றச்சாட்டு பொய்யும் இல்லை. பித்தளை நாக்கின் சுரம் பட்டறையிலேயே நிலைத்துவிடுகிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல வழியில்லை. கமகம் இல்லாத இடத்தில் நம் ராகம் பாதி உயிரோடுதான் இருக்கும். தடை 1971இல்தான் தளர்ந்தது. அப்போதும் தனி வாசிப்புக்கு உடனே கதவு திறக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு வானொலியில் இடமில்லாத ஒரு வாத்தியம் அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. செஞ்சிப் பக்கத்துக் கூத்துக்காரர் வானொலி நிலைய வாசலை எதிர்பார்த்துப் பிழைத்தவர் அல்லர். அவருக்குக் கூலி கொடுத்தது ஊர்த் தலைக்கட்டு வரி. டெல்லியில் போட்ட உத்தரவு கூத்துக் களரிக்கு வந்து சேரவே இல்லை.

இப்போது மவுத் ஆர்கனைப் பார்ப்போம். இசையிலக்கணம்தான் காரணம் என்றால் இந்தச் சின்னக் கருவி ஆர்மோனியத்தை முந்தியிருக்க வேண்டும். பத்துத் துளை வகையில் சில துளைகளில் காற்றை வாய்க்குள் வளைத்து இழுத்தால் சுரம் கீழே வழுக்கும். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் தங்கள் பாட்டின் அழுகையை அதிலிருந்துதான் வாங்கினார்கள். ஆர்மோனியத்தால் கனவிலும் செய்ய முடியாத காரியம் அது. நம் கடைகளில் அதிகம் விற்பது அந்த வகை அல்ல, ஒவ்வொரு சுரத்துக்கும் சற்றே பிசகிய இரண்டு நாக்குகள் வைத்து அதிர்வு எழுப்பும் நீண்ட வகை. அதில் சுரத்தை வளைப்பது கடினம் என்று மறுப்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் வளையாத சுரம் ஆர்மோனியத்துக்குத் தடையாக இல்லாதபோது, இதற்கு மட்டும் ஏன் தடையாக வேண்டும்? எந்த வகை கடையில் விற்க வேண்டும் என்பதையும் வாசிப்பவர் கூட்டம்தான் தீர்மானிக்கிறது. கேட்டு வாங்கும் கூட்டம் இல்லாத ஊரில் வணிகர் மலிவானதைத்தான் வைப்பார்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. நம் இசை வாய்ப்பாட்டை மையமாகக் கொண்டது. ஆர்மோனியக்காரர் வாசித்துக்கொண்டே பாடலாம், பின்பாட்டு கொடுக்கலாம், கூத்தின் கோமாளியான கட்டியக்காரனின் கேலிக்குப் பதில் சொல்லலாம். மவுத் ஆர்கன் வாயை அடைத்துவிடுகிறது. ஆகவே கூத்துக்கும் பஜனைக்கும் அது உதவாது என்பார்கள். கேட்கும்போது தீர்ந்த வாதம் போலத் தோன்றும். ஆனால் நாதசுரமும் வாயை அடைக்கிறது. அதே கூத்துப் பெஞ்சில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் முகவீணையும் அடைக்கிறது. நாதசுரக்காரருக்குக் கோயிலில் முறையும் மானியமும் இருந்தன; கல்யாணத்துக்கு அவர் இல்லாமல் தாலி ஏறாது. முகவீணைக்காரருக்குக் கூத்துக் குழுவான ஜமாவில் பங்கு இருந்தது. வாய் அடைபட்ட வாத்தியக்காரரையும் ஊர் சோறு போட்டுக் காப்பாற்றியது, அவருக்கென்று ஒரு இடம் ஒதுக்கியிருந்ததால். ஒலி போதாது என்ற மறுப்புக்கும் இதே பதில்தான்: ஒலிபெருக்கி வந்தபின் அந்தக் குறை தீர்ந்தது, இடம் மட்டும் கிடைக்கவில்லை.

விலையைப் பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். மலிவான பொருள் பரவும் என்பது பொதுப் புத்தி. மவுத் ஆர்கன் ஆர்மோனியத்தின் விலையில் ஒரு சிறு பகுதிகூட இல்லை. அதுவே அதற்குக் கேடாக முடிந்தது என்பேன். ஆர்மோனியம் ஒருவர் கைக்காசில் வாங்கக்கூடிய பொருளாக அநேகமாக இருந்ததில்லை. பஜனை மடத்துக்கோ ஜமாவுக்கோ பொதுவாக வாங்கினார்கள். பொதுவில் வாங்கிய பொருளை வைக்க இடம் வேண்டும், பூட்ட ஆள் வேண்டும், துருத்தித் தோல் கிழிந்தால் தைக்க வேண்டும், நாக்கு பிசகினால் அரம் போட்டுச் சுருதி சேர்ப்பவரைத் தேடிப் போக வேண்டும். இந்தத் தேவைகள் ஒவ்வொன்றும் மனிதர்களை ஒன்றுசேர்த்தன. நாக்குத் தயாரிக்கும் தொழிலே நாட்டுக்குள் வேர்விட்டது; குஜராத்தின் பாலிதானா அதற்குப் பெயர்பெற்ற ஊர். மவுத் ஆர்கனில் ஒரு நாக்கு உடைந்தால் என்ன செய்கிறோம்? தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குகிறோம். பழுது பார்ப்பவர் இல்லாத வாத்தியத்துக்குப் பரம்பரையும் இருக்காது.

மவுத் ஆர்கனுக்கு இயல்பிலேயே கூட்டம் சேராது, அது தனிமைக்கான கருவி என்று நினைப்பதும் தவறு. ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் 1857இல் தொடங்கிய நிறுவனம் உலகின் சட்டைப்பைகளை நிரப்பியது. ஆனால் சட்டைப்பை வியாபாரம் ஒரு தலைமுறையோடு ஓய்ந்துவிடும் என்பதை அந்த வணிகர்கள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். 1935இல் பிரிட்டனில் வாசிப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் எழுந்ததில் ஹோனரின் கை இருந்தது. பெயரும் தலைமையும் பலமுறை மாறியும் அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. 1920களில் பிலடெல்பியாவில் ஆல்பர்ட் ஹாக்ஸி சிறுவர்களுக்குச் சீருடை போட்டு மவுத் ஆர்கன் அணி ஒன்றை நடத்தினார். ஊர்வலம் வந்தால் அணியும் வரும் என்று ஆக்கினார். அமெரிக்க வாசிப்பாளர்களின் தேசியச் சங்கம் 1963இல் தொடங்கியது. இந்தச் சங்கங்களில் சில செழித்தன, சில ஆள் குறைந்து மங்கின. ஆனால் எங்கெல்லாம் கருவி நிலைத்ததோ அங்கெல்லாம் மாதக் கூட்டமும் ஆண்டு விழாவும் புதிதாக வருபவனுக்குச் சொல்லித்தரும் ஏற்பாடும் இருந்தன. இந்தியாவில் மவுத் ஆர்கனின் புகழ் வேறு வழியில் வந்தது. 1964இல் வந்த ‘தோஸ்தி’ இந்திப் படத்தில் ராகுல் தேவ் பர்மன் வாசித்ததும், 1975இல் ‘ஷோலே’யில் பானு குப்தா வாசித்ததும் நாடெங்கும் இளைஞர்களைக் கடைக்கு ஓடவைத்தன. வங்கத்தில் மிலன் குப்தா போன்ற மேதைகளும் இருந்தார்கள். ஆனால் படத்தைப் பார்த்து வாங்கியவன் அந்த ஒரு பாட்டைக் கற்று, நண்பர்களுக்கு வாசித்துக் காட்டி, வேலை கிடைத்ததும் மேசை இழுப்பறையில் போட்டான். அடுத்த பாட்டைக் கேட்க ஓர் இரவும் ஒரு கூட்டமும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

கூத்து ஜமாவுக்கு அந்த இரவு நிச்சயம். இந்த வட்டாரத்து ஜமாவின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எந்த வாத்தியக் கூட்டத்தை நடத்துபவருக்கும் அதில் பாடம் இருக்கிறது. பத்துப் பதினைந்து பேர். தலைவர் வாத்தியார், பாடமும் அவரே, நிர்வாகமும் அவரே. ஊரார் வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தால் தேதி உறுதி. பங்குனி முதல் ஆடி வரை அநேகமாக ஓய்வில்லை. பாரதம் பத்து நாளும் நடக்கும், பதினெட்டு நாளும் அதற்கு மேலும் நடக்கும். அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர், படுகளம், தீமிதி என்று ஒவ்வொரு நாளுக்கும் வேலை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. புதிதாகச் சேரும் பையன் முதலில் தாளம் தட்டுகிறான், பின்பாட்டில் குரல் சேர்க்கிறான், பிறகு வேடம் கட்டுகிறான். தேர்ச்சி பெற்றபின் மேடை தேடுவது என்ற சிக்கலே அவனுக்கு இல்லை. மேடையில் நின்றுகொண்டேதான் தேறுகிறான். ஆர்மோனியக்காரர் பாதியில் விலகினால் வாத்தியார் மறுநாள் இரவுக்குள் வேறொருவரைப் பிடித்தாக வேண்டும். ஆளில்லாத நாற்காலியை ஊர் பொறுக்காது. மேல்சித்தாமூர் மடமும் ஒரு வகையில் இதைத்தான் செய்கிறது. மடத் தலைவர் யாராக இருந்தாலும் லட்சுமிசேன பட்டாரகர் என்ற பெயரைத்தான் ஏற்கிறார். எண்ணிக்கையில் மிகச் சிறிய தமிழ்ச் சமணச் சமூகம் தேரையும் பூசையையும் விடாமல் நடத்துவதற்கு, ஆளைவிட இடத்தைப் பெரிதாக வைத்த அந்த ஏற்பாடு முக்கியக் காரணம்.

கூத்து மட்டும் செழிப்பாகவா இருக்கிறது, அதையே முன்மாதிரி என்று சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. ஜமாக்களுக்குக் கடன் உண்டு, குடி உண்டு, சண்டை உண்டு. பங்கு பிரிப்பதில் பிளவுபட்டு ஒன்று இரண்டாவதும் உண்டு. சாதி எல்லைகளும் அதை இறுக்கியிருக்கின்றன. நான் ஜமாவைப் புனிதமாக்கவில்லை. அந்தப் பிளவிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்கிறேன்: பிரிந்துபோகும் அணியும் உடனே தனக்கொரு ஆர்மோனியக்காரரைத் தேடுகிறது. பெருநகரங்களில் மவுத் ஆர்கன் வாசிப்பவர்கள் கூடிச் சினிமாப் பாட்டு வாசிப்பதை இன்று காணலாம். ஆர்வத்தில் குறையில்லை. ஆனால் அந்தக் கூட்டங்களை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதில்லை. வாசிப்பவர்களே வாசிப்பவர்களுக்கு வாசிக்கிறார்கள். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு மவுத் ஆர்கன் மன்றம் எழுந்து வளர வேண்டுமானால், உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, பள்ளி ஆண்டு விழா, தேரோட்டம், கல்யாண ஊர்வலம் என்று வெளியே காத்திருக்கும் ஒரு நாளைப் பிடிப்பதுதான் முதல் வேலை. பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரை உருவாக்குவது இரண்டாவது.

ஆர்மோனியமும் இப்போது தன் இடத்தை இழந்துவருகிறது. ஊர் நாடக மேடைகளில் கீபோர்டு வந்துவிட்டது. சுருதிக்குச் சின்ன மின்பெட்டி போதும் என்கிறார்கள். பாலிதானா நாக்கும் கல்கத்தாத் துருத்தியும் இவற்றில் இல்லை. ஆனால் கீபோர்டு வாசிக்க வந்தவர் பழைய ஆர்மோனியக்காரர் உட்கார்ந்த அதே பக்கத்தில் உட்கார்கிறார், அவர் வாங்கிய பங்கையே வாங்குகிறார், கட்டியக்காரன் கிண்டல் செய்தால் அவரைப் போலவே பதில் சொல்கிறார்.